ஆட்டம் பார்க்காத தெரிவாளர்

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நாலு பேர் நான் பெற்றது, இரண்டு பேர் என் தங்கை விட்டுவிட்டுப் போனது. ஆறு பேரும் இன்றைக்குச் சொந்தக் காலில் நிற்கிறார்கள். படிப்பு எனக்கு ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுதாக இல்லை. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் எழுதப் போகிற மனிதர் யாரைக் கண்டாலும் முதலில் வயது கேட்பார், பிறகு எத்தனை பிள்ளை என்று கேட்பார், பிறகு எதுவரை படிப்பு என்று கேட்பார். மூன்றும் தெரிந்துவிட்டால் ஆளையே தெரிந்துவிட்டது என்று வேறு பக்கம் திரும்பிவிடுவார்.

அவருடைய பெயரை எழுத மாட்டேன். அவருடைய மனைவி நல்ல மனுசி. இப்போது வேறு ஊருக்குப் போய்விட்டார்கள் என்றாலும் தீபாவளிக்கு ஒரு போன் எடுத்து என்னை விசாரிக்காமல் விடமாட்டாள். அவளுக்காகப் பெயரை விடுகிறேன். அவருக்காக இல்லை.

லண்டனில் குட்மேய்ஸ் என்ற இடத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார்கள். அவருக்குச் சிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் பெரிய வேலை. எங்கள் ஊர்ப் பழைய மாணவர் கிரிக்கெட் கழகத்துக்கு அவர்தான் தெரிவாளர். இந்தச் சனிக்கிழமை யார் விளையாடுவது, யார் வெளியில் இருப்பது என்று அவர்தான் சொல்லுவார். எத்தனையோ வருசம் அவர் சொன்னதுதான் சட்டம். ஆனால் மட்டையில் பந்து படும்போது அந்த மனிதர் பார்த்துக்கொண்டிருந்ததை நான் ஒரு நாளும் காணவில்லை. பக்கத்தில் கதிரை போட்டு இருந்தவள் நான், சும்மா சொல்லவில்லை. கழுத்தை மடித்து, போனை மடியில் வைத்து, யாருக்கு எத்தனை ரன் என்று விரலால் தட்டிக்கொண்டே இருப்பார். அவரை நினைத்தால் எனக்கு முகம் வருவதில்லை. உச்சந்தலைதான் வருகிறது. சுற்றிவர மயிர், நடுவில் வழுக்கை, கொஞ்சம் வெயில் பட்டால் சிவந்துபோகும்.

மைதானத்தில் ஆட்கள் சத்தம் போட்டால் நிமிராமலே கேட்பார்.

"என்னவாம் அக்கா?"

"வடிவா அடிச்சான் தம்பி. அந்தப் பெடியன் குனிஞ்சு எடுக்கிறதுக்குள்ளை பந்து போயிட்டுது."

"வடிவு வேண்டாம். எத்தினை?"

"நாலு."

தட்டுவார். அவ்வளவுதான். வடிவு வேண்டாம் என்று சொல்லுகிற வாயை அன்றைக்குத்தான் நான் முதன்முதலில் கண்டேன். அதற்குப் பிறகு அதே வாயை எத்தனையோ இடத்தில் கண்டேன்.

நான் கிரிக்கெட் பார்க்கத் தொடங்கியது என் பெடியன்களால். சனிக்கிழமை என்றால் காலையிலேயே ரோல்ஸ் பொரித்து, இரண்டு பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றி, மடிக்கிற கதிரையையும் தூக்கிக்கொண்டு போவோம், நானும் என் மனுசனும். மழை வந்தாலும் குடையைப் பிடித்துக்கொண்டு இருப்போம். பார்த்துப் பார்த்து எனக்கு விளங்கிவிட்டது. பயந்து அடிக்கிறவனும் தெரியும், பயத்தை மறைக்க அடிக்கிறவனும் தெரியும். மற்றப் பக்கம் நிற்கிறவனுக்காகத் தன் விக்கெட்டைக் கொடுக்கிறவனையும் தெரியும். அதற்கெல்லாம் போனில் இடமில்லை.

அவர் சொன்னதும் ஒரு தரம் சரியாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். என் இரண்டாவது மகன்தான் கழகத்தில் திறமான ஆள் என்று நான் கன காலம் நினைத்திருந்தேன். அவன் மட்டையைத் தூக்குகிற விதம் அப்படி. ஒரு நாள் அவர் போனைக் காட்டி, "அக்கா, உங்கடை மகன் போன வருசம் முழுக்கச் சேர்த்தது இவ்வளவுதான், பாருங்கோ" என்றார். பார்த்தேன். பிறகு வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். அவன் வடிவாகத்தான் மட்டையைத் தூக்கினான், ஆனால் தூக்கி முடிக்க முதல் அவுட்டாகிப் போனான். பெற்ற கண்ணுக்கு அது தெரியவில்லை. ஆகவே நம்பர் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நம்பரைப் பார்த்துவிட்டு ஒரு தரம் தலையை நிமிர்த்தியும் பார்க்கலாமே என்றுதான் சொல்லுகிறேன். அதை அந்த மனிதர் செய்யவில்லை. கோயிலிலும் செய்யவில்லை.

கோயிலில் நடந்தது இது. முருகன் கோயிலில் அவரும் மனைவியும் நானும் உள்வீதி சுற்றி வலம் வந்துகொண்டிருந்தோம். அவருடைய கையில் ஒரு மணிக்கூடு, நடக்கிற அடியை எண்ணுகிற மணிக்கூடு. மூலஸ்தானத்துக்குப் பின்பக்கம் வரும்போது அது டிக் என்று ஏதோ செய்தது. நின்றுவிட்டார்.

"இண்டைக்குக் கணக்கு முடிஞ்சுது" என்றார் மனைவியிடம்.

"அரைச் சுத்திலை நிக்கிறியள். வந்து முன்னுக்குக் கும்பிடுங்கோவன்."

"நீ போய்க் கும்பிடு. நான் காருக்கை இருக்கிறன்."

சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்து வாசலால் போனார். அவள் என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

என் மனுசன் ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்த நேரம் அவரும் வந்தார். அதை மட்டும் இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் பெட்டி மாதிரி ஒரு திரை, அதில் பச்சையும் மஞ்சளுமாக இலக்கங்கள் ஓடும். அவர் உள்ளே வந்தார், நேரே அந்தத் திரைக்கு முன்னால் போய் நின்றார்.

"ஒட்சிசன் நல்லாயிருக்கு. பிரஷரும் பரவாயில்லை. ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ அக்கா."

என் மனுசனுக்கு அந்த ஆளில் நல்ல பட்சம். குரலைக் கேட்டதும் போர்வைக்குள்ளிருந்து கையை மெல்ல எடுத்து நீட்டினார். கை அப்படியே அந்தரத்தில் நின்றது. அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் அந்தக் கையைப் பிடித்து இறக்கினேன். இரண்டு நாளில் இவர் போய்விட்டார். செத்த வீட்டுக்கு வந்தபோது அந்த மனிதர் என்னிடம் சொன்னது இது: "நான் பாக்கேக்கை நம்பர் எல்லாம் நல்லாத்தானே அக்கா இருந்தது." என் மனுசன் ஏதோ பிழைவிட்டுச் செத்துப்போன மாதிரி.

இவர் போன பிறகு மேல் அறை சும்மா கிடந்தது. அந்த அறைக்குத்தான் ரூபன் வந்தான். யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பக்கத்துப் பொடியன், முப்பது வயது இருக்கும். எத்தனையோ நாடு கடந்து வந்து சேர்ந்தவன். அவனுடைய அகதி பைல் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் வருசக்கணக்காகக் கிடந்தது. முடிவு வரும்வரை வேலை செய்யக்கூடாது. காலையில் எழும்பி என் வீட்டுக் குப்பைத் தொட்டியைக் கழுவுவான். பகல் முழுக்கச் செய்ய ஒன்றுமில்லை. பார்க்கவே பாவமாக இருக்கும். என் கடைசி மகன் குமரன்தான் கழகத்தின் கப்டன். "வாடா, சும்மா வந்து நில்லு" என்று அவனை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

அவன் மட்டையைப் பிடித்த முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. மற்றவர்கள் பந்து வர முதல் மட்டையை நிலத்தில் தட்டு தட்டு என்று தட்டிக்கொண்டிருப்பார்கள். இவன் அசையாமல் நிற்பான். பந்து கிட்ட வந்த பிறகுதான் கை அசையும். சத்தம் வேறு மாதிரி இருக்கும்.

லீக்கில் பெயர் பதிய வேண்டுமென்றால் படம் ஒட்டிய அடையாள அட்டை காட்ட வேண்டும். ரூபனிடம் காட்ட ஒன்றுமில்லை. அதற்கு வழி சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? அந்தத் தெரிவாளர்தான். சிவா என்று ஒரு பொடியன் கழகத்தில் பெயர் பதிந்திருந்தான். பெற்றோல் ஸ்டேசனில் அவனுக்குச் சனிக்கிழமைதோறும் ஷிப்ட், ஆகவே விளையாட வருவதே இல்லை.

"சிவாவின்ரை பேர் சும்மாதானே கிடக்கு. ரூபன் இறங்கட்டும். நான் சிவா எண்டு போடுறன்" என்றார். "எல்லாக் கழகத்திலையும் செய்யிறதுதானே."

அந்தக் கோடை முழுக்க அப்படித்தான் நடந்தது. மைதானத்தில் ரூபன் அடிப்பான், இவர் போனில் சிவாவுக்குப் போடுவார். இது எல்லாருக்கும் தெரியும். பெற்றோல் ஸ்டேசனில் நின்ற சிவாவுக்கும் தெரியும்.

ஓகஸ்ட் விடுமுறைத் திங்களன்று பெரிய சுற்றுப்போட்டி. பாரிசிலிருந்தும் சுவிசிலிருந்தும் எங்கள் ஆட்களின் கழகங்கள் வரும். முழுவதையும் கமெரா வைத்து இன்டர்நெட்டில் நேரடியாகக் காட்டுவார்கள், ஊரில் இருக்கிறவர்களும் பார்க்கலாம். இதைக் கேட்ட நாளிலிருந்து ரூபன் வேறு ஆளாகிவிட்டான். ஏனென்று எனக்குத் தெரியும். அவனுடைய தாய்.

ஊரை விட்டு வெளிக்கிட்டபோது அவனுடைய வலது கால் உடைந்திருந்தது. உள்ளே கம்பி வைத்து, கிடந்து, பிறகு மற்றவர்கள் பிடித்துத்தான் வண்டியில் ஏற்றினார்களாம். தாய் கடைசியாகக் கண்டது அதைத்தான். இங்கே வந்து கால் நன்றாகச் சுகமாகிவிட்டது. தாய் நம்பவில்லை. வீடியோவில் முகத்தைத்தான் காட்டுகிறான், காலைக் காட்டுகிறான் இல்லை என்று அழுவா. ஒரு நாள் என் குசினி யன்னலில் போனைச் சாத்தி வைத்துவிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து காட்டினான்.

"சுவரைப் பிடிச்சு நடக்கிறாய்" என்றா தாய்.

"எங்கை அம்மா பிடிச்சனான்? சின்னக் குசினி, கை முட்டுது."

"நாலு அடி நடக்கிறது நடையே? நொண்டியள் கூட நடப்பினம். உனக்கு ஓட ஏலாது. எனக்குத் தெரியும். என்னை ஏமாத்தாதை ராசா."

அவன் போனை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டான். ஆகவே சுற்றுப்போட்டி என்றதும் அவன் சொன்னது, "அன்ரி, அம்மா நான் ஓடுறதைப் பாக்கப்போறா." கோப்பை வேண்டும் என்று சொல்லவில்லை, பெயர் வேண்டும் என்று சொல்லவில்லை. ஓடுகிறதை அவ பார்க்க வேண்டும்.

தெரிவு செய்கிற கூட்டம் எங்கள் முன் அறையில் நடந்தது. நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். அவர் போனைப் பார்த்துப் பெயர் வாசித்தார். முதல் பெயர் சிவா. பிறகு மற்றப் பெயர்கள். குமரன் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்.

"அண்ணை, ரூபன்?"

"ரூபன் இந்த வருசம் ஒரு சிநேகித மாட்ச்தான் விளையாடியிருக்கிறான். அதிலையும் சின்ன ரன். எந்த அடிப்படையிலை எடுக்கிறது?"

எல்லாரும் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"என்னண்ணை கதைக்கிறியள்? சிவா அடிச்சதெல்லாம் ரூபன் அடிச்சதல்லோ!"

"இஞ்சை பார் குமரன். இதிலை என்ன எழுதியிருக்கு? சிவா. அவரேஜைப் பார். எங்கடை கழகத்திலை இப்பிடி ஒரு அவரேஜ் ஆருக்காவது இருக்கே?"

"அதை எழுதினது ஆர்?"

"நான்."

"பேந்தென்ன?"

"நான் பிழையா எழுதுவனே?"

நான் தட்டத்தோடு நின்று அவரைப் பார்த்தேன். பொய் சொல்லுகிற ஆளின் முகம் எனக்குத் தெரியும். அது பொய் சொல்லுகிற முகம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. தன் கையால் போட்ட பெயர், தான் சொல்லிக் கொடுத்த கள்ளம், அதைக் கோடை முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்து அந்த மனிதர் தானே நம்பிவிட்டார். நேரே பார்த்த பத்துப் பேர் சொல்லுகிறோம், அவருக்கு ஏறவில்லை.

"தம்பி, நான் பக்கத்திலை இருந்து பாத்தனான்" என்றேன்.

"அக்கா, கண் பாக்கிறது ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு மாதிரி. நம்பர் எல்லாருக்கும் ஒண்டுதான். உங்கடை மகன்ரை கதை மறந்துபோச்சே?"

அடித்துவிட்டார். நான் தட்டத்தை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். அவர் குடித்த கோப்பையை மற்றக் கோப்பைகளோடு சேர்க்காமல் தனியாகக் கழுவினேன். சின்ன வேலைதான். ஆனாலும் செய்தேன்.

பெயர்களை அன்றைக்கே அனுப்பிவிட்டார். இனி மாற்ற ஏலாது. ரூபனுக்குக் குமரன்தான் போய்ச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் ரூபன் இறங்கி வந்து, "அன்ரி, வெங்காயம் உரிச்சுத் தரவே?" என்று கேட்டான். தாயிடம் அவன் சொல்லவில்லை. நான் கேட்டபோது, "எப்பிடிச் சொல்லுறது அன்ரி? கால் ஏலாமல்தான் விட்டிட்டினம் எண்டு நினைப்பா" என்றான்.

இதிலே பெரிய கூத்து என்னவென்றால், சிவாவுக்கும் கொஞ்சம் தலைக்கேறிவிட்டது. தெரிவாளர் அவனுக்குப் போன் எடுத்து, நீதான் எங்களுடைய முதல் ஆள் என்று சொன்னாராம். பொடியன் ஷிப்டுக்கு லீவு எடுத்து, புது மட்டை ஒன்றும் வாங்கிக்கொண்டு வந்து நின்றான்.

அன்றைக்கு நல்ல வெயில், ஆனால் காற்றும் இருந்தது. கூடாரம் கூடாரமாகச் சனம். ஒரு பக்கம் கொத்துரொட்டித் தகடு தட்டுகிற சத்தம், ஒரு பக்கம் பாட்டு. முதல் மாட்சில் சிவா போனான், முதல் பந்திலேயே வந்துவிட்டான். எப்படியோ மற்றவர்கள் அடித்து நாங்கள் வென்று கடைசி ஆட்டத்துக்குப் போய்விட்டோம். நான் அந்த மனிதருக்குப் பக்கத்தில்தான் இருந்தேன்.

"இப்ப என்ன சொல்லுறியள் தம்பி?"

"அவன்ரை அவரேஜுக்கு ஒண்டிலை பூச்சியம் வந்தால் அடுத்ததிலை பெரிசா வரும் அக்கா. கணக்கு அப்பிடித்தான்."

நிமிரவில்லை.

கடைசி ஆட்டத்தில் பாரிஸ்காரர் நன்றாக அடித்துவிட்டார்கள். எங்களுடைய முறை வந்தது. ரூபனுடைய போன் என் கையில் இருந்தது. அதை என்னிடம் தந்துவிட்டு அவன் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தான். போன் அடித்தது. தாய். பக்கத்து வீட்டில் பெரிய திரையில் பார்த்துக்கொண்டு, தன் போனில் என்னோடு கதைத்தா.

"அக்கா, மத்தியானத்திலையிருந்து பாக்கிறன். எல்லாரும் தலையிலை சட்டி மாதிரிப் போட்டுக்கொண்டு ஒரே மாதிரி நிக்கினம். என்ரை பிள்ளை எது?"

"இன்னும் இறங்கேல்லை அம்மா. இருங்கோ."

"இறங்குவானே?"

கூடாரத்துக்குள் போய்ப் பார்த்தேன். அடுத்ததாகப் போகவேண்டிய சிவா, காலில் பாட்ஸ் கட்டியபடி, முகம் வெளிறிப்போய் இருந்தான்.

"அன்ரி, அவங்கள் எறியிற வேகத்தைப் பாத்தனீங்களே? எனக்கு இது ஏலாது."

வெளியே விக்கெட் விழுந்த சத்தம் கேட்டது. சிவா ரூபனைப் பார்த்தான். ரூபன் போத்தலைக் கீழே வைத்தான். சிவா சேர்ட்டைக் கழற்றினான், முதுகில் சிவா என்று பெரிய எழுத்தில் இருந்த சேர்ட். நான் என் போர்வையை விரித்துப் பிடித்தேன். அதற்குப் பின்னால் இரண்டு பேரும் மாற்றிக்கொண்டார்கள். புது மட்டையையும் கொடுத்தான். கூப்பிடுகிற தூரத்தில் தெரிவாளர் கதிரையில் இருந்தார். அவருடைய உச்சந்தலை எங்களுக்கு நேரே தெரிந்தது.

"அடுத்தது ஆர்?" என்று கேட்டார்.

"சிவா" என்றேன்.

தட்டினார்.

பாரிஸ்காரருக்கும் தெரிந்திருக்கும். அவர்களுடைய டீமிலும் எத்தனை பேர் வேறு ஆளின் பெயரில் நின்றார்களோ, யாரும் வாய் திறக்கவில்லை. நான் என் கதிரைக்குத் திரும்பி வந்து, போனைக் காதில் வைத்து, "அம்மா, இப்ப போறான் பாருங்கோ, அவன்தான்" என்றேன். இங்கே நடக்கிறது அங்கே திரையில் போய்ச்சேரக் கொஞ்ச நேரம் எடுக்கும். இங்கே சனம் கத்தி முடிந்த பிறகுதான் அங்கே தாயின் மூச்சு மாறும். அந்த இடைவெளியில் நான் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பேன்.

முதலில் இரண்டு பந்தை எல்லைக்கு அடித்தான். சனம் குதித்தது. தாய் ஒன்றும் சொல்லவில்லை. பந்து எல்லைக்குப் போனால் ஓடத் தேவையில்லையே. அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

"ஓடுறான் இல்லை அக்கா" என்றா. குரல் உடைந்தது. "நிக்கிறான்."

பிறகு ஒரு பந்தை இடைவெளி பார்த்து மெதுவாகத் தள்ளினான். மற்றப் பக்கம் நின்ற குமரன் "இல்லை, இல்லை" என்று கத்தக் கத்த இவன் பாய்ந்து வந்துவிட்டான். ஒன்று. திரும்பினான், இரண்டு. பந்தை எடுத்தவன் எறிவதற்குள் மூன்றாவதுக்கும் வெளிக்கிட்டான். மட்டையை நீட்டி விழுந்து, புழுதியோடு எழும்பினான். சனம் கத்தியது. நான் கத்தவில்லை. போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அந்தப் பக்கம் அமைதி. பிறகு வந்தது.

"ஓடுறான் அக்கா. பிள்ளை ஓடுறான். ஐயோ, விழுந்திட்டான். இல்லை, எழும்பிட்டான். பாருங்கோ, எழும்பிட்டான்!"

"என்னவாம்?" என்று கேட்டார் பக்கத்தில் இருந்தவர்.

நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வேறு யாரோ "மூண்டு" என்றார்கள். தட்டினார்.

அன்றைக்கு ரூபன் எல்லைக்கு அடிக்கக்கூடிய பந்தையெல்லாம் தட்டித் தட்டி ஓடினான். குமரனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கடைசியில் வெல்லுகிற ரன்னையும் ஓடித்தான் எடுத்தான். எடுத்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, எல்லைக் கோட்டைச் சுற்றி முழு வட்டம் ஓடினான். வென்ற சந்தோசத்தில் ஓடுகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். கமெராவுக்கு முன்னால் வந்ததும் நின்று, காற்சட்டையை முழங்கால்வரை தூக்கி, வலது காலால் இரண்டு தரம் நிலத்தை உதைத்துக் காட்டினான். முகம் முழுக்கத் தெரிந்தது. மைதானத்தில் இருந்த அத்தனை சனமும் அவனைப் பார்த்தது.

ஓர் ஆள் பார்க்கவில்லை.

"சிவா, நாட் அவுட்" என்று தட்டி முடித்துவிட்டு, போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாத்தீங்களே அக்கா? அண்டைக்கு எல்லாரும் சிரிச்சினம். நம்பர் பொய் சொல்லாது."

"தம்பி, ஒருக்கால் தலையை நிமித்தி அங்கை பாருங்கோ."

"பொறுங்கோ, ரன் ரேட் ஒண்டு பாக்க வேணும்."

நான் கதிரையைத் தூக்கிக்கொண்டு எழும்பி அந்தப் பக்கம் போய்விட்டேன். சேற்றில் கால் வைத்த மாதிரி இருந்தது. அதன் பிறகு அந்த மனிதருக்குப் பக்கத்தில் நான் கதிரை போட்டதில்லை.

வருச முடிவு விருந்தில் சிறந்த துடுப்பாட்டக்காரர் என்று கோப்பையைச் சிவாவுக்குக் கொடுத்தார்கள். சிவா வெட்கப்பட்டு மேடைக்கு வரவில்லை. தெரிவாளரே அவனுக்காக அதை வாங்கி, நம்பரை நம்ப வேண்டும் என்று ஒரு பேச்சும் பேசினார். ரூபன் என் பக்கத்தில் இருந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "உனக்குக் கோபம் வரேல்லையே?" என்று கேட்டேன். "அம்மா இப்ப காலைப் பற்றிக் கேக்கிறேல்லை அன்ரி" என்றான்.

இரண்டு வருசத்துக்குப் பிறகு அவனுக்கு விசா வந்தது. குரோய்டனிலிருந்து வந்த கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் முதலில் ஓடிப்போனது தெரிவாளர் வீட்டுக்கு. இனிச் சொந்தப் பெயரில் பதியலாம் என்று. நானும் கூடப் போனேன். இந்தத் தரமாவது அந்த ஆள் அவனை நிமிர்ந்து பார்க்கட்டும் என்றுதான் போனேன். கார்டை வாங்கினார். படத்தைப் பார்க்கவில்லை, பெயரைப் பார்த்தார். போனில் தேடினார். தேடிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உன்ரை பேருக்கு ஒண்டும் இல்லையே தம்பி. ஒரு மாட்ச்தான் கிடக்கு. முதல் இரண்டாவது டீமிலை ஒரு வருசம் விளையாடு. நம்பர் வரட்டும், பேந்து பாப்பம்."

மனைவி கதவடியில் நின்று முகத்தை மூடிக்கொண்டாள். ரூபன் கார்டைத் திருப்பி வாங்கி, துடைத்து, சேர்ட் பொக்கெற்றுக்குள் வைத்தான்.

"பரவாயில்லை அண்ணை. இனி எனக்குச் சனிக்கிழமை நேரமில்லை. பெற்றோல் ஸ்டேசனிலை ஷிப்ட் ஒண்டு சும்மாதானே கிடக்கு. சிவாவின்ரை ஷிப்ட்."

உண்மைதான். சிவா சனிக்கிழமை ஷிப்டை விட்டுவிட்டான். கழகத்தின் முதல் ஆள் அல்லவா, விளையாடத்தானே வேண்டும். அவன் மாட்சுக்கு மாட்ச் பூச்சியம் எடுத்தான். தெரிவாளர் அவனை அந்த வருசம் முழுக்க டீமில் வைத்திருந்தார், பழைய நம்பர் அவ்வளவு பெரிது.

இவ்வளவையும் நான் சொல்ல, குமரனுடைய மகள் தாரணி கொம்பியூட்டரில் அடித்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகிற பிள்ளை, என்னைவிட நன்றாக எழுதுவாள். ஆனால் இளகின மனசு. "பாவம் அப்பம்மா, அந்த அங்கிள்" என்று இடையில் இரண்டு தரம் சொல்லிவிட்டாள்.

பிள்ளை, முதலிலிருந்து ஒருக்கால் வாசி. மெதுவாக வாசி. அந்த மனிதரில் இரக்கம் வருகிற மாதிரி எங்கேயாவது நீ ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால், அந்த இடத்தில் நிறுத்து.